பொட்டு வைத்த டிஸ்க்



"கவிதை வேண்டாம்டே, கவிதை ஏற்கெனவே நாற்பது வந்துட்டு. நீ கம்ப்யூட்டர்காரன்தானே, டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடு" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். டெக்னிக்கல் கட்டுரையை எவன் படிப்பான்? பக்கத்தைப் புரட்டி அடுத்த ஜோக்குக்குப் போய்விடுவீர்கள். எனவே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். அடுத்தவன் முட்டாள்தனம் என்றால் நாம் எல்லோரும் கடைசி வரி வரைக்கும் படிப்போம்!

தூத்துக்குடியில் ஏற்றுமதி இறக்குமதிக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகங்கள் எத்தனையோ உண்டு. அதில் ஒன்றில் நான் பகுதி நேரமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். பத்திரம் தயாரிக்க ஓர் அக்கா, அப்புறம் கணக்குப்பிள்ளை ஐயா. அவர் சங்குகுளிக்கிற குடும்பத்தில் பிறந்து பேனா பிடிக்க வந்தவர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையெல்லாம் கடலாகி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். தூத்துக்குடி நகரத்துக்குள்ளும் நாள் கணக்கில் தண்ணீர் வடியவில்லை. எங்கள் அலுவலகம் தரைத்தளம். மேசைக்கு அடியில் இருந்த பழைய சர்வர் தண்ணீருக்குள் போனது. அதில் இருந்த கணக்குகளுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. ஊறிப்போன காகிதங்களை மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப்போட்டு, அக்காவும் கணக்குப்பிள்ளையும் மாதக்கணக்கில் திரும்ப அடித்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு ஒரே மந்திரம், பேக்கப். டீ குடிக்கும்போதும் பேக்கப், வண்டியில் ஏறும்போதும் பேக்கப். "தம்பி, ராத்திரி மட்டும் போதாது. பகல்லயும் எடு. மூணு தடவை எடு" என்றார். நானும் எடுத்தேன். எங்கே எடுக்கிறேன், அது எங்கே போய் விழுகிறது என்பதை மட்டும் சரியாக யோசிக்கவில்லை.

2024 கோடை விடுமுறையில் மாடி அறையில் புது சர்வரை அமைத்தது நான்தான். ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு மூன்று இயந்திரங்களை ஓட்டும் விர்ச்சுவலைசேஷன் முறை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ஒரு காம்பவுண்டுக்குள் பல குடித்தனம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிச் சமையல். ஆனால் கிணறு ஒன்று, மெயின் கேட் ஒன்று. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பிராட்காம் கம்பெனி வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.-யின் இலவசப் பதிப்பை நிறுத்தியிருந்தது (2025-ல் திரும்பக் கொடுத்தார்கள், அது வேறு கதை). அதனால் வியன்னாக்காரர்களின் ப்ராக்ஸ்மாக்ஸைப் போட்டேன். லினக்ஸில் டெபியன் வகையின் மேல் ஓடுவது, காசு கேட்காது.

ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவும்போது அது டிஸ்க்கை இரண்டு முக்கியப் பங்காகப் பிரித்துக்கொள்ளும். ஒன்று ரூட், அதாவது சிஸ்டம் தங்கும் இடம். இன்னொன்று வி.எம்.கள் தங்கும் பெரிய இடம். டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரூட்டுக்குக் கொஞ்சம்தான் ஒதுக்கும். எங்களுக்குக் கிடைத்தது சுமார் 94 ஜிபி. அதில் சிஸ்டம் சாப்பிட்டது 8. மீதி 86 ஜிபி சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். அது சும்மா கிடக்கும் இடம் இல்லை. கேட்டைத் திறந்து மூட வேண்டிய இடம். அங்கே மூட்டையை அடுக்கினால் காம்பவுண்டே நின்றுவிடும்.

பேக்கப் ரூட்டில் விழக்கூடாது என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். அதற்காக ஒரு டி.பி. கொள்ளளவுள்ள வெளி டிஸ்க் ஒன்று வாங்கினோம். தனி அடாப்டர், சுவரில் தனி சுவிட்ச். லினக்ஸில் டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைக்க வேண்டும், அதற்குத்தான் மவுண்ட் என்று பெயர். 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர் செய்து, டிஸ்க்கை அதில் மவுண்ட் பண்ணி, ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அந்த ஃபோல்டரைக் காட்டினேன். ராத்திரி 2 மணிக்கு இரண்டு வி.எம்.களின் பேக்கப், சேர்ந்து 22 ஜிபி. கடைசி ஐந்தை வைத்துக்கொண்டு பழையதை அழி என்று அமைப்பு. பகலில் 9 மணி, 1 மணி, 6 மணிக்கு நானே எழுதிய ஸ்கிரிப்ட் பத்திரங்களின் ஃபோல்டரை மட்டும் இழுத்துக் கட்டி வைக்கும், ஒவ்வொன்றும் 2 ஜிபி. டிஸ்க் இணையாவிட்டாலும் சர்வர் நிற்காமல் எழுந்து வரட்டும் என்று 'நோஃபெயில்' என்ற வார்த்தையையும் சேர்த்திருந்தேன். ரொம்ப கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைப்பு.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. எல்லா இயந்திரத்தையும் நிறுத்தித் துடைத்து, சர்வருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. வெளி டிஸ்க்குக்கும் அழகாக ஒரு பொட்டு. பொரிகடலை சாப்பிட்டுவிட்டு சர்வரை ஆன் செய்தோம், வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

துடைக்கும்போது அணைத்த டிஸ்க்கின் சுவர் சுவிட்சை யாரும் திரும்பப் போடவில்லை.

இனி நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் புரட்டும். டிஸ்க் இணையவில்லை. நோஃபெயில் என்று நான் சொல்லி வைத்திருந்ததால் சர்வர் ஒரு புகாரும் இல்லாமல் எழுந்துவிட்டது. 'பேக்கப்' ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது அது வெறும் ஃபோல்டர், ரூட்டின் ஒரு மூலை. சனிக்கிழமை விடியற்காலை 2 மணிக்கு 22 ஜிபி அங்கே இறங்கியது. ஞாயிறு 22, திங்கள் 22. பகலில் என் ஸ்கிரிப்ட் நாளைக்கு 6 வீதம் மூன்று நாளில் 18. கூட்டிப் பாருங்கள், 84 ஜிபி. மிச்சம் 2.

இதில் வேடிக்கை, அந்த மூன்று ராத்திரியும் பேக்கப் வெற்றி என்றுதான் பதிவாகியிருந்தது. உண்மைதானே? எழுதச் சொன்ன இடத்தில் அது ஒழுங்காக எழுதிவிட்டது! செவ்வாய் விடியற்காலை 2 மணிக்குத்தான் முதல் தோல்வி. இரண்டு வி.எம்.களும் 2 ஜிபிக்குள் அடங்காது. ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் நாகரிகமானது, இடம் போதாமல் தோற்றால் பாதி எழுதிய கோப்பைத் தானே அழித்துவிட்டு விலகிக்கொள்ளும். விலகிக்கொண்டு எனக்கு ஒரு மெயிலும் போட்டது. நிறுவும்போது மெயில் முகவரி கேட்ட இடத்தில் வாய்க்கு வந்த ஒன்றை அடித்திருந்தேன். அப்படி ஒரு முகவரியே உலகத்தில் கிடையாது. காலை 9 மணிக்கு என் ஸ்கிரிப்ட் எழுந்தது. அதற்கு அந்த நாகரிகம் எல்லாம் இல்லை. கடைசி எழுத்துக்கு இடம் இருக்கும்வரை எழுதி, பாதிக் கோப்பை அப்படியே போட்டுவிட்டுச் செத்தது. ரூட் நூற்றுக்கு நூறு. தேர்வில் ஒருநாளும் வாங்காத மார்க்!

அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. வி.எம்.கள் வேறு பங்கில் இருப்பதால் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்குக் காலையில் நான் போனதே வேறு வேலைக்கு. "பத்திரம் போடுற டிரைவ்ல இடம் குறையுதுடே, கொஞ்சம் கூட்டித் தா" என்று அக்கா கேட்டிருந்தார். ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டு அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். மறுபடி தவறு. எட்டிப் பார்த்தால் வெளி டிஸ்க்கில் விளக்கு எரியவில்லை. ஆஹா, கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சுவிட்சைப் போட்டேன். அப்புறம், லேபில் நாம் எல்லோரும் கற்ற ஒரே வைத்தியம், ரீஸ்டார்ட்.

மணி 11. ஓடிக்கொண்டிருந்த சர்வரை நிறுத்தியது வெள்ளமும் இல்லை, கரண்ட் கட்டும் இல்லை. நான்தான்.

எழுந்து வந்த சர்வரில் ஒரு வி.எம். கூட வரவில்லை. எந்த வி.எம்.முக்கு என்ன அமைப்பு என்ற விவரத்தை ப்ராக்ஸ்மாக்ஸ் ஒரு சின்ன டேட்டாபேஸில் ரூட்டில்தான் வைத்திருக்கிறது. ரூட்டில் ஒரு வரி எழுதக்கூட இடம் இல்லையென்றால் அந்தச் சேவை எழாது. அது எழாவிட்டால் வி.எம். என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. கீழே இருந்து அக்கா குரல், "தம்பி, ஃபோல்டர் எதுவும் திறக்க மாட்டேங்குதே!" அன்றைக்குக் கரூரிலிருந்து வந்த படுக்கை விரிப்புப் பெட்டிகள் இரண்டு ராத்திரி கொழும்பு ஃபீடரில் ஏற வேண்டும். கொழும்பில் பெரிய கப்பல் காத்திருக்காது. ஒரு பெட்டிக்கு ஷிப்பிங் பில் காலையிலேயே போய்விட்டது. இன்னொன்றின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்.

மானிட்டரை நேராகச் சர்வரில் மாட்டி உள்ளே போனேன். இடத்தைக் காட்டும் டி.எஃப். கட்டளையை அடித்தால் ரூட் நூறு சதவீதம். சரி, எந்த ஃபோல்டர் தின்கிறது என்று டி.யு. கட்டளையால் எண்ணினால், எல்லாம் சேர்த்து 8 ஜிபிதான் கணக்கு வருகிறது! 94-ல் 8 போக மீதி 86 எங்கே? ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினேன். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அண்ணாச்சி இரண்டு தடவை வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசியில் நம்ம லேப் அண்ணனுக்குப் போன் போட்டேன். கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "பாய் விரிச்சிருக்கியே, பாய்க்கு அடியில பாத்தியா?"

அதுதான் விஷயம் நண்பர்களே. ஒரு ஃபோல்டரின் மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்தால், அந்த ஃபோல்டரில் முன்பே கிடப்பது மறைந்துவிடும். அழியாது, இடத்தையும் விடாது, கண்ணுக்குத்தான் தெரியாது. நான் சுவிட்சைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தபோது வெளி டிஸ்க் ஒழுங்காக இணைந்து, தடயத்தின் மேல் பாயை விரித்துவிட்டது. மவுண்ட்டைக் கழற்றினேன். அடியில் மூன்று ராத்திரிப் பேக்கப்பும் என் ஸ்கிரிப்டின் பத்துக் கோப்புகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

எல்லாவற்றையும் அழித்துவிடக் கை துடித்தது. அண்ணன் போனிலேயே தடுத்தார். "பாதிக் கோப்பை மட்டும் எடு. மத்தது இப்போதைக்கு உன்கிட்ட இருக்கிற புதுப் பேக்கப், அதைத் தொடாதே." அப்படியே செய்தேன். 2 ஜிபி காலியானதும் ஒரு ரீஸ்டார்ட், வி.எம்.கள் வந்தன. அப்போது மணி 1.40. அக்கா சாப்பிடாமல் இரண்டாவது பில்லைப் போட்டார். ஆனால் அதற்குமேல் சுங்க அனுமதி வாங்கி, கேட் நேரத்துக்குள் பெட்டியை உள்ளே விட முடியவில்லை. ஒரு பெட்டி அன்றைக்குக் கப்பல் ஏறியது. இன்னொன்று அடுத்த ஃபீடர் வரும்வரை யார்டில் நின்றது. அதற்கான செலவை அண்ணாச்சி பார்ட்டியிடம் கேட்கவில்லை, தானே கட்டினார். எவ்வளவு என்று என்னிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை ஐயாவிடம் நடந்ததை விளக்கினேன். சட்டென்று புரிந்துகொண்டார். "யார்டு மாதிரிதானே? பெட்டி இறக்கிட்டே இருந்தா போதுமா? எடுக்க ஆள் வரலைன்னா அடுத்த கப்பலுக்கு இடம் ஏது? அதுக்குத்தானே இத்தனை நாள் இலவசம், அப்புறம் வாடகைன்னு வச்சிருக்காவ" என்றார். சுங்கச் சட்டம் 1962-ல், இறக்கி 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை அறிவிப்புக் கொடுத்து விற்கலாம் என்றுகூட ஒரு பிரிவு உண்டாம், 48-ஆவது. எத்தனை பேக்கப்பை எத்தனை நாள் வைப்பது என்ற 'ரிட்டென்ஷன்' பாடத்தை எனக்கு இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். நம்ம கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் குளிப்பவனைவிட மேலே கயிறு பிடிப்பவன் முக்கியம் என்ற பேச்சு எங்கள் பக்கம் இன்னும் உண்டு. கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம், அக்கா தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் என்று. "உன் மிஷினு கயித்தை இழுத்திருக்கு. மேல யாரும் இல்லையேடே" என்றார். அந்த இல்லாத மெயில் முகவரியை அன்று ராத்திரியே மாற்றினேன். ஆனால் அது மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். முதல் மூன்று ராத்திரி கயிறு இழுக்கப்படவே இல்லை, எல்லாம் வெற்றி. தோல்வி மெயிலை மட்டும் நம்பியிருந்தால் செவ்வாய் விடியற்காலைதான் தெரிந்திருக்கும். ஆகையால் ரூட் 80 சதவீதம் தாண்டினாலே போனுக்குச் செய்தி வரும்படி தனியாக ஒன்று வைத்தேன். அது இருந்திருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே கூவியிருக்கும்.

பிறகு செய்த மாற்றங்களில் பெரியது ஒரே ஒரு வரிதான். ப்ராக்ஸ்மாக்ஸில் ஃபோல்டரைக் காட்டும்போது 'இது மவுண்ட் ஆகியிருக்க வேண்டிய இடம்' என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு, 'ஈஸ் மவுண்ட்பாயிண்ட்' என்று பெயர். அதைப் போட்டால், டிஸ்க் இணையாதபோது அந்த இடமே இல்லை என்று கருதி பேக்கப் தோற்கும், சத்தமாகத் தோற்கும். நான் அதைப் போடவில்லை. இருப்பது தெரியவே தெரியாது. என் ஸ்கிரிப்டிலும் முதல் வரியாக அதே சோதனையை வைத்தேன். பாதியில் செத்தால் பாதிக் கோப்பை அழிக்கவும் கற்றுக்கொடுத்தேன். அதோடு, டிஸ்க் கழற்றியிருக்கும்போது அந்த வெற்று ஃபோல்டருக்கு 'சாட்டர்' கட்டளையால் மாற்ற முடியாத முத்திரை குத்திவிட்டேன். ரூட்டே வந்தாலும் அதில் எழுத முடியாது. இந்த ரூட் விஷயத்தில் எனக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறை 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும் என்று செமஸ்டரில் படித்தோமே! ஆனால் பேக்கப்பும் ரூட் பயனராகத்தான் ஓடுகிறது. வேலியே பயிரை மேய்ந்தது.

இன்னொரு கணக்கும் எல்லோரும் தவறவிடுவது. கடைசி ஐந்தை வை என்றால் ஐந்துக்கு இடம் போதாது. புதியதை எழுதி முடித்த பிறகுதான் பழையதை அழிக்கும், அதாவது ஆறுக்கு இடம் வேண்டும். அப்படி இருப்பதுதான் சரியும்கூட. புதியது உருப்படியாக வரும் முன்னே பழையதை அழித்தால் இரண்டும் போகலாம்.

நம்மைப் போன்ற சின்ன இடத்தில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று டொயோட்டா நிறுவனத்துக்கு ஜப்பானில் 14 தொழிற்சாலைகளிலும் உற்பத்தி நின்றது. சைபர் தாக்குதலோ என்று உலகமே பேசியது. பிறகு அவர்களே விளக்கம் வெளியிட்டார்கள். உதிரி பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வர்களில், பராமரிப்பு வேலையின்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போயிற்று. மாற்றுச் சர்வர்களும் அதே அமைப்பில் ஓடியதால் அவற்றிலும் அதே கோளாறு, மாறிக்கொள்ள வழியில்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த ஆறுதல் கொஞ்சம் அற்பமானதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது வெளி டிஸ்க் இரண்டு. வாரம் ஒன்றாக மாறி மாறி அண்ணாச்சியின் கோவில்பட்டி வீட்டுக்குப் போகும், அங்கே வெள்ளம் வந்து சேர்வது கஷ்டம். பகலில் மூன்று தடவை ஒரு தடவையாகக் குறைந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு பேக்கப்பை எடுத்துத் தனி வி.எம்.மாக எழுப்பி, அக்கா அதில் ஒரு பழைய பத்திரத்தைத் திறந்து பார்ப்பார். திறந்தால்தான் எனக்கு டீ. அந்தச் சுவர் சுவிட்சை எலக்ட்ரீசியன் கழற்றி நேர் இணைப்பு கொடுத்துவிட்டார்.

2025 ஆயுத பூஜை அன்று நான் ஊரில் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கணக்குப்பிள்ளை ஐயா போன். "தம்பி, டிஸ்க்குக்குப் பொட்டு வச்சாச்சு, சர்வரும் ஆன் பண்ணியாச்சு. அந்த டி.எஃப்.னு என்னமோ அடிப்பியே, அதை எப்படி அடிக்கணும்?" சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரூட்டு பன்னெண்டு சதவீதம்னு போட்டிருக்கு. கீழ பேக்கப்புன்னு தனியா ஒரு வரியும் வருது. சரிதானே?"

"சரிதான் ஐயா."

"அப்ப கேட்டைப் பூட்டுதேன்" என்று போனை வைத்தார்.